குலுக்கலில் விழும் சிகிச்சை

189, 191, 180.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய ஒரு தடுப்பூசிப் பரிசோதனையில், பதினைந்து ஆண்டுகளில் காசநோய் கண்டவர்களின் எண்ணிக்கை இது. முதல் எண், பி.சி.ஜி. ஊசியை அதிக அளவில் போட்டுக்கொண்டவர்களில். இரண்டாவது, அதே ஊசியைக் குறைந்த அளவில் போட்டுக்கொண்டவர்களில். மூன்றாவது, பார்ப்பதற்கு ஊசி மருந்துபோலவே இருந்தாலும் உள்ளே மருந்தே இல்லாத திரவத்தைப் போட்டுக்கொண்டவர்களில். மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு. எந்தப் பிரிவுக்கு யார் என்பதைத் தீர்மானித்தது டாக்டரும் அல்ல, அதிகாரியும் அல்ல. குலுக்கல்.

கணக்கு டீச்சராக அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். கரும்பலகையில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன். இந்த மூன்றைப்போல வேறு எவையும் என் மனத்தில் தங்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு நகரத்து மருத்துவமனை ஒன்றின் எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினராக இருக்கிறேன். மருந்துப் பரிசோதனை எதுவானாலும் இப்படி ஒரு குழு அனுமதித்தால்தான் நடக்கும். அந்தக் குழுவில் டாக்டர்களோடு சட்டம் தெரிந்த ஒருவரும், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று 2019-ல் வந்த விதிகள் சொல்கின்றன. அந்தச் சாதாரண ஆளின் நாற்காலி என்னுடையது. நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தை, எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரியுமா என்று வரி வரியாகப் பார்ப்பதுதான் நான் முக்கியமாகச் செய்வது.

கிண்டியில் எங்கள் தெருவில் எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் சாயங்காலம் அப்படி ஒரு படிவத்தோடு வந்தாள். கணவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். சர்க்கரை நோய், காலில் மாதக்கணக்கில் ஆறாத புண். அவர் காட்டும் ஆஸ்பத்திரியில், இரண்டு வகைக் கட்டுகளில் எது புண்ணைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்று பார்க்க ஒரு பரிசோதனை நடக்கிறதாம். ஜவுளிக்கடைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து, பேனாவால் வட்டம் போட்டிருந்த இடத்தைக் காட்டினாள். எந்தக் கட்டு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்யும், நோயாளியோ மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது என்று இருந்தது.

"இது என்ன டீச்சர்? அவ்ளோ பெரிய டாக்டரு. எது நல்லதுன்னு அவருக்கே தெரியாதா? குலுக்கிப் போட்டு எடுக்க எங்க வீட்டுக்காரர் காலு என்ன சீட்டுப் பணமா?"

கோபம் நியாயமானதுதான். டாக்டரை நம்பிப் போகிறோம். அவர் தன் படிப்பையும் அனுபவத்தையும் வைத்து நமக்கென்று ஒன்றைத் தேர்ந்து தர வேண்டும் என்றுதான் போகிறோம். அதைப் போய்க் குலுக்கலில் விடுவதா?

"நீ குலுக்கல் சீட்டு போடுறியே, அதுல எதுக்கும்மா குலுக்குறாங்க?" என்று கேட்டேன்.

"குலுக்கலைன்னா சீட்டுக்காரம்மா வேண்டப்பட்டவங்களுக்கு முதல்ல எடுத்துக் குடுத்துடுவாங்களே!"

அவளுடைய கேள்விக்குப் பாதிப் பதிலை அவளே சொல்லிவிட்டாள். டாக்டர் வேண்டப்பட்டவருக்கு ஒதுக்குவார் என்று நான் சொல்லவில்லை. அவர் மனம் அவருக்கே தெரியாமல் சாயும். புதுக் கட்டில் அவருக்கு நம்பிக்கை இருந்தால், பிழைக்கும் என்று தோன்றும் காலுக்கு அதைப் போடுவார்; அல்லது, பாவம், இந்த ஆளுக்கு வேறு வழியில்லை என்று மோசமான புண்ணுக்குப் போடுவார். இரண்டுமே அக்கறையில் செய்வதுதான். ஆனால் முதல் வகையில் புதுக் கட்டு இருப்பதைவிட நல்லதாகத் தெரியும், இரண்டாம் வகையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். ஆறியது கட்டினாலா, ஆறக்கூடிய புண்ணாக இருந்ததாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டால் வயதானவர், இளையவர், சர்க்கரை கூடியவர், பீடி குடிப்பவர் என்று எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடுவார்கள். நாம் அளந்து பார்க்கத் தெரியாத விஷயங்களும் அப்படியே பிரியும். குலுக்கலின் பெரிய பலம் அதுதான். மிஞ்சும் வித்தியாசம் கட்டுதான்.

"டாக்டருக்கே தெரியாதா?" என்ற மறுபாதிக் கேள்விக்குப் பதில்: ஆமாம், தெரியாது. எது நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்தப் பரிசோதனைக்கு எங்களைப் போன்ற குழு அனுமதி தரக் கூடாது. கமிட்டியில் நாங்கள் முதலில் கேட்பதே அதைத்தான்: இந்த இரண்டில் எது மேல் என்பதில் விஷயம் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறதா?

ஒருவர் விட்டு ஒருவர் என்று கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அடுத்தவருக்கு எது என்று டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இவரை நாளைக்கு வரச் சொல்வோம் என்று தோன்றிவிடும். 1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோய்க்குப் பரிசோதித்தபோது, ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் இதற்கு ஒரு வழி செய்தார். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மூடிய உறை. நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். ஹில் இளைஞராக இருந்தபோது அவரையே காசநோய் தாக்கியது. டாக்டருக்குப் படிக்கும் ஆசையை அதனால் விட்டவர். மருந்து மிகக் குறைவாகவே கைக்கு வந்திருந்தது, எல்லோருக்கும் கொடுக்க வழியே இல்லை. 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினோடு படுக்கை ஓய்வு. 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 4 பேரும் இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த 52 பேரிடம், நீங்கள் ஒரு பரிசோதனையில் இருக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவே இல்லை. இன்றைக்கு அப்படி ஒரு திட்டம் எங்கள் மேசைக்கு வந்தால் ஒருமனதாகத் திருப்பி அனுப்புவோம்.

பத்தாண்டு கழிவதற்குள் குலுக்கல் சென்னைக்கு வந்துவிட்டது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்துக்கு சானடோரியம் என்றே பெயர். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் விடுதியால் வந்த பெயர் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. காசநோய் என்றால் அன்று உலகம் முழுக்க இதுதான் வைத்தியம். நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். அப்போது வந்திருந்த ஐசோனியசிட், பி.ஏ.எஸ். மருந்துகளை வீட்டில் வைத்தே கொடுத்தால் குணமாகுமா? குடிசையில், அரை வயிற்றுச் சாப்பாட்டில், நாலு பேர் படுக்கும் ஒற்றை அறையில்?

இதற்குப் பதில் தேடி 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்தியது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அதே இடத்தில் இயங்குகிறது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை. நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஓராண்டு சானடோரியத்தில், மறு பாதி வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே.

இங்கே டாக்டர்கள் கையில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முற்றிய நோயாளியைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் சானடோரியத்துக்கு அனுப்பத்தான் மனம் வரும். லேசான நோயாளிகள் வீட்டுக்கு. ஓராண்டு கழித்து வீட்டில் இருந்தவர்கள் நன்றாகத் தெரிவார்கள். அது வீட்டு வைத்தியத்தின் பெருமையாக இருக்காது.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக எடை போட்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு அதோடு ஒப்பிடவே முடியாதது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. அந்தச் சிறு வித்தியாசமும் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில் இல்லாமல் போனது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றியதா என்றும் ஐந்தாண்டு பார்த்தார்கள், இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டு, காசநோயாளி மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஆனதற்கு இந்தச் சென்னைக் குலுக்கல் ஒரு பெரிய காரணம். பங்கேற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் ஊர் இதற்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இனி அந்த மூன்று எண்கள்.

எங்கள் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 1948-ல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் தொடங்கியது. நாட்டுக்கு வேண்டிய காசநோய்த் தடுப்பூசியை இங்கேயே தயாரித்து, ஊர் ஊராகப் போட ஆரம்பித்தார்கள். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த ராஜாஜி 1955-ல் அதை எதிர்த்துக் கிளம்பினார். நிரூபணம் இல்லாமல், உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான பிள்ளைகள் உடம்பில் ஏற்றுவதா என்று கேட்டு ஒரு சிறு நூலே எழுதினார். எதிர்ப்பக்கம் மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், கூடவே மருத்துவ உலகம். இரண்டு பக்கமும் பெரியவர்கள், இரண்டு பக்கமும் நல்ல எண்ணம். பெரியவர்களின் சொல்லை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

தீர்க்க முயன்றதுதான் செங்கல்பட்டுப் பரிசோதனை. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் அதிக அளவு ஊசி, குறைந்த அளவு ஊசி, வெறும் திரவம் என்று மூன்றில் ஒன்று. போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. ஒவ்வொருவர் உடம்பிலும் ஏற்கெனவே காசக் கிருமி நுழைந்திருக்கிறதா என்று தோல் சோதனையும் செய்திருந்தார்கள். கிருமி நுழையாதவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள் 1,09,873 பேர். முதலில் சொன்ன மூன்று எண்களும் இவர்களில் நோய் கண்டவர்கள்தான். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மொத்த ஊர்களையும் மறுபடி சோதித்தார்கள். இப்படிப் பதினைந்து ஆண்டு.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 36,600 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இரண்டு பிரிவையும் சேர்த்தால் 73 ஆயிரம் சொச்சம் பேர். பதினைந்து ஆண்டில் நோய் வந்தது 380 பேருக்கு. ஆயிரத்துக்கு ஐந்து பேர். அதாவது ஊசி போட்ட ஆயிரம் பேரில் 995 பேருக்கு நோய் வரவில்லை. மூன்றாம் பிரிவு இல்லாமல், எல்லோருக்கும் ஊசி போட்டிருந்தால் இந்த எண்தான் நம் கையில் இருந்திருக்கும். எவ்வளவு பெரிய வெற்றி என்று மேடை போட்டுப் பேசியிருப்போம்! மூன்றாம் பிரிவு சொன்னது என்ன? வெறும் திரவம் போட்டவர்களிலும் ஆயிரத்துக்கு 995 பேருக்கு நோய் வரவில்லை.

ஏழரை ஆண்டு முடிவில் வந்த முதல் அறிக்கையே உலகத்தை உலுக்கியது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பரிசோதனையில் இதே பி.சி.ஜி. நாலில் மூன்று பங்கு நோயைத் தடுத்திருந்தது. நம் மண்ணிலும் நீரிலும் அதே இனத்துக் கிருமிகள் நிறைய இருப்பதால் உடம்பு முன்பே அவற்றுக்குப் பழகிவிடுகிறது, ஊசியின் பலன் தனியாகத் தெரிவதில்லை என்பது ஒரு விளக்கம். எப்படியானாலும், பிரிட்டனில் பலித்தது இங்கே பலிக்கவில்லை என்பதை இங்கே குலுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

இதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயையும், உடம்பெங்கும் பரவும் வகையையும் இந்த ஊசி தடுக்கிறது. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். கட்டாயம் போட வேண்டும். செங்கல்பட்டிலேயே சிறுவர்களிடம் நூற்றுக்கு 27 பங்கு என்ற சிறு பாதுகாப்பு தெரிந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கைதான் உடைந்தது. ராஜாஜி ஜெயித்தார் என்றும் சொல்ல மாட்டேன். அவர் பயந்தது ஊசி கெடுதல் செய்யும் என்று. இந்த எண்கள் காட்டியது வேறு விஷயம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கிண்டியில் அவசரமாகக் கொரோனா மருத்துவமனை திறந்தார்கள். எங்கள் தெருவிலிருந்தும் ஆம்புலன்ஸ் போனது. குணமானவர்களின் பிளாஸ்மாவைக் கேட்டு வாட்ஸ்அப்பில் இரவு பகலாகச் செய்தி. ரத்தப் பிரிவு, ஆஸ்பத்திரி பெயர், போன் நம்பர். பிளாஸ்மா ஏற்றிப் பிழைத்தவரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஏற்றாமலே பிழைத்தவரைப் பற்றிப் பேச யாருக்குத் தோன்றும்? அதே மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 44 பேருக்கு நோய் முற்றியது அல்லது உயிர் போனது. பெறாத 229 பேரில் 41 பேருக்கு. பலன் இல்லை. மறுபக்கம், விலை மலிவான பழைய டெக்சாமெத்தசோன் மாத்திரை வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த குலுக்கல் 2020 ஜூனில் காட்டியது. அந்த மாத்திரை நம் ஊர் அரசு மருத்துவமனை வரை வந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியது.

எதிர் வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். பரிசோதனையில் சேராவிட்டால் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா என்று கேள்; கிடைக்கும் என்றுதான் பதில் வர வேண்டும். பாதியில் விலகலாமா என்று கேள்; காரணம் சொல்லாமலே விலகலாம், அது உங்கள் உரிமை. கட்டினால் ஏதாவது கெடுதல் நேர்ந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்று கேள்; உங்களுடையது அல்ல. இந்தியாவில் நடக்கும் பரிசோதனைகளைப் பதிவு செய்ய 2007 முதல் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அதில் இதன் எண் என்ன என்று கேள். கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு பிரதி கையோடு வாங்கிக்கொள்.

"இதெல்லாம் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா டீச்சர்?"

"கோவிச்சுக்கிட்டா சேராதீங்க."

கேட்டிருக்கிறார்கள். டாக்டர் உட்கார வைத்துப் பதில் சொன்னாராம். கணவர் கையெழுத்துப் போட்டார். எந்தக் கட்டு விழுந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்றுக்காகக் கமிட்டியில் நான் விடாமல் வாதாடுகிறேன். பரிசோதனை முடிந்து, கட்டுரை ஆங்கிலப் பத்திரிகையில் வெளியாகிறது. காலையும் கையையும் நீட்டிக் குலுக்கலுக்குச் சம்மதித்தவருக்கு என்ன தெரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. முடிவு வந்தபின் பங்கேற்றவர் ஒவ்வொருவருக்கும், அவருக்கு எது விழுந்தது, மொத்தத்தில் எது மேல் என்று தெரிந்தது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று படிவத்திலேயே உறுதிமொழி இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. போன கூட்டத்தில் வந்த ஒரு படிவத்தில் அந்த வரி இல்லை. சேர்த்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.